தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் காரை நாமே பழுதுபார்க்க இடம் கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம். சுவாமிமலையில் வசிக்கும் நான், 2006-இல் வாங்கிய மாருதி 800-க்கு ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை நானே செய்து பழகியவன். சென்ற மாதம் வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கியபோது, மழையில் ஊறிய வண்டல் மண்ணில் அதன் அடிப்பாகம் மெல்ல அமிழ்ந்து, சக்கரத்தைக் கழற்றிய கையோடு வண்டி ஒருபுறம் சாய்ந்துவிட்டது. நல்லவேளையாகக் கீழே ஸ்டெப்னியைப் படுக்கவைத்திருந்தேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தடை உத்தரவு.

அமெரிக்காவில், மாதச் சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் லிஃப்டையும் கருவிகளையும் பயன்படுத்தித் தம் வாகனத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும் பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. நம் பகுதியில் அப்படி ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள். இல்லையெனில், சிமெண்டுத் தரையும் சர்வீஸ் குழியும் உள்ள பட்டறையை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவோர் உண்டா? லோயர் ஆர்ம் புஷ் (முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைப்பகுதியில் உள்ள ரப்பர் பாகம்) மாற்ற வேண்டியிருப்பதால் அவசரமாகக் கேட்கிறேன்.

சிலர் சேர்ந்து சந்தா போட்டுக் கொட்டகை எடுப்பதென்றாலும் நான் தயார். ஆனால் வேலையின்போது ஒருவருக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது, வாய்க்காலில் கொட்டாமல் பழைய ஆயிலை யாரிடம் ஒப்படைப்பது என்ற இரண்டிலும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.