நிலை நினைவகத்தில் (மின்சாரம் போனாலும் தரவை இழக்காத நினைவகத்தில்) செயலியை, அதாவது மென்பொருளை, எவ்வளவு நம்பலாம்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு
இன்டெலின் நிலை நினைவகமான ஆப்டேன் மாட்யூல்கள் புழக்கத்தில் இருந்தபோது, ஒரு தரவுத்தளத்தின் லாக்கை (மாற்றங்களின் பதிவேட்டை) அவற்றில் அமைக்கும் குழுவில் இருந்தேன். லினக்ஸில் டாக்ஸ் (நேரடி அணுகல்) வசதியுடன் கோப்பை எம்மேப் செய்தால், அதாவது செயலியின் முகவரிப் பரப்பில் இணைத்தால், கோப்பின் நகலை வைத்திருக்கும் பேஜ் கேஷ் குறுக்கிடாமல் செயலியே நேராக நினைவகத்தில் எழுதும். எழுதியதை சிபியு கேஷிலிருந்து நினைவகத்துக்கு அனுப்ப சிஎல்டபிள்யூபி கட்டளையும், அது முடியும்வரை அடுத்த எழுத்துகளை நிறுத்திவைக்கும் ஓர் எஸ்ஃபென்ஸும் போதும் என்பதால், கோப்பை நிலையாகச் சேமிக்கும்படி இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் சொல்லும் எஃப்சிங்க் இனி எதற்கு என்று குழுவில் பலரும் கேட்டார்கள்.

தரவு மட்டும் பத்திரமாக இருந்தால் போதாது என்பதே விடை. கோப்பின் வெற்றிடத்தில் (இன்னும் இடம் ஒதுக்கப்படாத பகுதியில்) முதன்முறை எழுதும்போது ஃபைல் சிஸ்டம் புதிய பிளாக்கை ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கீடு ஜர்னலில் (ஃபைல் சிஸ்டத்தின் மாற்றக் குறிப்பேட்டில்) ஏறுமுன் மின்சாரம் போனால், தரவு அப்படியே இருக்கும், ஆனால் அது எந்தக் கோப்புக்குரியது என்ற விவரம் இருக்காது. 2018 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.15 இதற்காக மேப்_சிங்க் என்ற ஃபிளாக்கைத் தந்தது: ஜர்னலை எழுதி முடித்த பிறகே கர்னல் அந்தப் பக்கத்தில் எழுத விடும். தரவுக்குச் செயலி பொறுப்பு, ஒதுக்கீட்டுக்குக் கர்னல் பொறுப்பு என்ற இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகவே பட்டது. முதல் எழுத்தில் நேரும் தாமதத்தைத் தவிர்க்க, இடத்தை முன்பே ஒதுக்கும் ஃபாலகேட் அழைப்பு மட்டும் போதாதென்று, கோப்பு முழுவதிலும் முன்கூட்டியே பூஜ்யங்களை எழுதி வைத்தோம். (தெரியாத ஃபிளாக்கைச் சத்தமின்றிப் புறக்கணிப்பது எம்மேப்பின் பழைய வழக்கம்; அதனால் மேப்_ஷேர்ட்_வேலிடேட் என்ற ஒன்றையும் கூடவே சேர்க்க வேண்டியதாயிற்று. கர்னலைச் செயலி எவ்வளவு நம்பலாம் என்பதும் கேட்கத்தக்க கேள்விதான்.)

இரண்டாம் பதிவு
தாங்கள் சொல்வது ஒழுங்காக நடந்துகொள்ளும் செயலிக்குப் பொருந்தும். நாங்கள் பயன்படுத்திய ஒரு வெளி லைப்ரரியில் தடம் மாறிய பாயிண்டர் (நினைவக முகவரி) ஒன்று, மேப் செய்த பகுதிக்குள் எழுதிவிட்டது. சாதாரண நினைவகமாக இருந்தால் செயலியை மறுபடி தொடங்கியதும் தீர்ந்திருக்கும். இங்கே பழுதும் சேர்ந்து நிலைத்துவிட்டதால், தொடங்கும் ஒவ்வொரு முறையும் செயலி அதே இடத்தில் விழுந்தது. பின்னர் அந்தப் பகுதியைச் சிபியுவின் பாதுகாப்புச் சாவியால் பூட்டி, பரிவர்த்தனை நடக்கும் கணங்களில் மட்டும் திறந்தோம். நினைவகப் பகுதியின் அனுமதியை மாற்றும் எம்புரொடெக்ட் அழைப்பைப் போலக் கர்னலுக்குள் போய்வரத் தேவையில்லாததால் வேகம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சாவியைத் திருப்பும் டபிள்யூஆர்பிகேஆர்யூ கட்டளையை எந்தச் செயலியும் கர்னலைக் கேளாமலே இயக்கலாம். ஆகவே இந்தப் பூட்டு கைத்தவறுதலைத் தடுக்குமே ஒழிய, வேண்டுமென்றே செய்யும் கேட்டைத் தடுக்காது.

மூன்றாம் பதிவு
எங்களுக்கு ஆர்டிஎம்ஏ (நெட்வொர்க் வழியே நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) வழியே மற்றொரு கணினி நேராக எழுத வேண்டியிருந்தது. டாக்ஸ் கோப்பின் பக்கங்களை நெடுநேரம் பிடித்துவைக்கக் கர்னல் மறுத்தது. இடையில் யாரேனும் கோப்பைச் சுருக்கினால், விடுபட்ட பிளாக் வேறு கோப்புக்குப் போன பின்னும் நெட்வொர்க் கார்டு அதில் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்த மறுப்பில் குறை காண முடியவில்லை. எனவே நினைவகத்தையே ஒரு சாதனமாகக் காட்டும் டிவைஸ் டாக்ஸுக்கு மாறினோம். அங்கே ஃபைல் சிஸ்டமே கிடையாது; ஜர்னல் சிக்கலும் இல்லை, கோப்புவாரியான அனுமதியும் இல்லை, வழக்கமான பேக்கப்பும் இல்லை. யாருக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கையும் நாங்களே எழுதினோம். 2022 ஜூலையில் ஆப்டேனைக் கைவிடுவதாக இன்டெல் அறிவித்தபின், வேறெங்கும் பயன்படாமல் போனது அந்த நிரல்தான்.