பாதியில நிண்ட விண்டோஸ் 11, சி டிரைவ் சிவப்பு

பினாட்டு:
அண்ணாமார் ஒருக்கா உதவுங்கோ. வீட்டு லப்டொப்பில விண்டோஸ் 10 கிடந்தது, அதுக்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போட் முடிஞ்சுதெண்டு 11 போட வெளிக்கிட்டன், இரண்டு தரமும் முக்கால்வாசி ஓடினாப்பிறகு கரண்ட் நிண்டிட்டுது, பற்றரியும் எப்பவோ செத்தது, பழையபடி 10க்கே திரும்பி வந்திட்டுது. இப்ப 128 ஜிபி எஸ்எஸ்டியில 3 ஜிபிதான் மிச்சம். ஹிடன் ஃபைல்ஸைப் போட்டுப் பாத்தா டாலர் குறியோட விண்டோஸ் பிடி எண்டொரு ஃபோல்டர் கிடக்கு, டிலீட் குடுத்தா பெர்மிஷன் இல்லையாம். என்ர லப்டொப்புக்கு ஆரிட்டப் போய்ப் பெர்மிஷன் கேக்கிறது?

கொடிகாமத்தான்:
தம்பி உதைக் கையால அழிக்காதேங்கோ, 11 போடுறதுக்கு இறக்கின ஃபைலுகள்தான் அதுக்குள்ள கிடக்கு. செட்டிங்ஸில சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் எண்டு போங்கோ, கொஞ்சநேரம் சுத்தும், பேந்து லிஸ்ட் வரும், டெம்பரரி விண்டோஸ் இன்ஸ்டலேஷன் ஃபைல்ஸ் எண்டதுக்கு டிக் போட்டு ரிமூவ் குடுங்கோ. ஆனா அதே லிஸ்டில டவுன்லோட்ஸ் எண்டும் ஒரு பெட்டி இருக்கும், டிக் விழுந்திருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ. நான் பாக்காமக் குடுத்து மோளின்ர ஏஎல் பாஸ்ட் பேப்பர் எல்லாம் போட்டுது, அந்தக் கிழமை வீட்டில சோறு மட்டும்தான் போட்டவை, ஒருத்தரும் கதைக்கேல்லை.

இணுவில் பொடியன்:
விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சொஃப்ட்வெயர் டிஸ்ரிபியூஷன் எண்டும் ஒண்டிருக்கு. சேர்விசஸ் எண்டு, பின்னால ஓடுற வேலையளின்ர லிஸ்டில விண்டோஸ் அப்டேட்டை ஸ்டொப் பண்ணிப்போட்டு அதுக்குள்ள இருக்கிற டவுன்லோட் ஃபோல்டரைத் துப்பரவாக்குங்கோ, பிறகு ஸ்டார்ட் குடுங்கோ. பக்கத்தில இன்ஸ்டோலர் ஃபோல்டரையும் தட்டினா கன இடம் வரும் ப்ரோ.

கொடிகாமத்தான்:
ஐயோ, இன்ஸ்டோலரில கைவைக்காதேங்கோ. அது பிழைச்சுப்போனதின்ர குப்பை இல்லை, இப்ப ஓடுற சொஃப்ட்வெயருகளின்ர எம்எஸ்ஐ, அதான் இன்ஸ்டோல் பண்ணுற ஃபைலுகளின்ர கொப்பியள். அழிச்ச அண்டைக்கு ஒண்டும் தெரியாது, பிறகொருநாள் ஏதாவதைக் கழட்டவோ அப்டேட் பண்ணவோ வெளிக்கிடேக்கதான் ஃபைலைக் காணேல்லையெண்டு மல்லுக்கு நிக்கும். பிறகு ஆளும் சொஃப்ட்வெயரும் அந்தரத்தில.

இணுவில் பொடியன்:
அப்பிடியோ, நான் போன வருசம் அழிச்சனான். 😬

பினாட்டு:
டவுன்லோட்ஸ் டிக்கைக் கழட்டிப்போட்டுத்தான் குடுத்தனான், 11 ஜிபி வந்திட்டுது, டாலர் ஃபோல்டரும் இல்லை. அடுத்த முறை இன்வேட்டர் இருக்கிற மாமா வீட்ட கொண்டுபோய்த்தான் போடுறது. என்ன, இறக்கினதெல்லாத்தையும் அழிச்சாச்சு, முதல்ல இருந்து திருப்பி இறக்கவேணும், டேட்டாக் காசுக்கும் மாமாட்டத்தான் கேக்கவேணும் போல.