எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு: உங்க பக்கம் என்ன ஆச்சு?

மார்த்தாண்டம்_ஷீட்:
ரப்பர் ஷீட் கடை. முதலாளி, பில் போடுற பிள்ளை, வாரத்துல ரெண்டு நாள் வர்ற கணக்கர், மூணு பேருக்கும் டேலியில (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) ஒரே அட்மின் லாகின். மார்ச் 28 பில்லுல 1,240 கிலோ இருந்தது 1,420 ஆகியிருக்கு. மாத்தினது ஜூலையில. மார்ச் மாச ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனையைக் காட்டுற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஏப்ரல் 11-க்கு முன்னாடியே பழைய எடையோட போயாச்சு. இப்ப கணக்கு ஒண்ணு சொல்லுது, ரிட்டர்ன் ஒண்ணு சொல்லுது.

எடிட் லாகை (யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு டேலி எழுதி வைக்கிற பதிவு) திறந்து பாத்தா அந்த ஒத்த பில்லுக்கு ஆறு பதிப்பு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண் மாறிச்சு, எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. யார் மாத்தினாங்கங்கிற இடத்துல மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பெயர். மூணு பேரும் "நான் தொடலை"ங்கிறாங்க. யாரைப் பிடிச்சுக் கேக்க?

தக்கலை_டேலி:
அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு. நேத்தைய கணக்கரா இருந்தாலும் இருபது வருஷக் கணக்கரா இருந்தாலும் தனி லாகின் கொடுத்திருங்க. கம்பெனி மெனுவுல (ஆல்ட்-கே) செக்யூரிட்டியை ஆன் பண்ணுங்க. அப்புறம் யூசர் ரோல்ஸ் (யார் என்ன செய்யலாம்ங்கிற உரிமைப் பட்டியல்) போய் 'பில்லிங்'னு புது ரோல் ஒண்ணு. அடிப்படையா 'டேட்டா என்ட்ரி'யை எடுத்துக்கிடுங்க. பழைய தேதி வவுச்சருக்கு (பில் மாதிரி ஒரு கணக்குப் பதிவு) எத்தனை நாள் அனுமதின்னு ஒரு கட்டம் வரும், கட்-ஆஃப் தேதின்னு (அதுவரைக்கும் பூட்டு) இன்னொண்ணு வரும். ரெண்டையும் நிரப்பணும். ரிட்டர்ன் போன மாசத்தோட கடைசி நாள்தான் கட்-ஆஃப். மாசாமாசம் ரிட்டர்ன் போன கையோட அந்தத் தேதியை முன்னுக்குத் தள்ளணும். இதைத்தான் எல்லாரும் மறந்துபோறாங்க.

கீழே ரெண்டு பத்தி: ஒண்ணு தடுக்க, ஒண்ணு அனுமதிக்க. வவுச்சர் திருத்தத்தை, தடுக்கிற பத்தியில போட்டுருங்க. முடிச்சதும் அட்மின்ல இருந்தே பாத்துட்டு சரின்னு விடக் கூடாது. வெளியே வந்து, பில்லிங் யூசராவே உள்ள போய், போன மாச பில் ஒண்ணைத் திருத்திப் பாக்கணும். திறக்குதுன்னா ரோல் சரியில்லை.

இன்னொண்ணு. டேலி ரோல் டேலிக்குள்ள மட்டும்தான் காவல். டேட்டா ஃபோல்டரை விண்டோஸ்ல காப்பி பண்ணிப் பென் டிரைவ்ல கொண்டுபோறதை அது தடுக்காது. கொண்டுபோன காப்பியைத் திறக்க முடியாம இருக்கணும்னா டேலி வால்ட் (டேட்டாவையே பாஸ்வேர்டால பூட்டுற வசதி) வேணும். வால்ட் பாஸ்வேர்டு தொலைஞ்சா மீட்க வழியே கிடையாது, எழுதி உறையில போட்டு முதலாளி பெட்டியில வைங்க.

தோவாளை_பூ:
தக்கலைக்காரர் சொன்ன ஒரு விஷயத்தை அப்படியே செஞ்சா மறுநாளே எல்லாம் கெட்டுப்போகும். திருத்தத்தை முழுசாத் தடுக்கச் சொல்றீங்களே, பூச்சந்தையில அது நடக்காது. பிச்சிப்பூ விலை விடியுமுன்னே மூணு தடவை மாறும். அவசரத்துல பில் போடுற பையன் 12 கிலோவை 21-னு அடிச்சிருவான். அஞ்சு நிமிஷம் முன்னாடி தானே போட்ட பில்லைத் திருத்த முடியலைன்னா என்ன செய்வான்? முதலாளிக்கு போன் போட்டுப் பாஸ்வேர்டு கேப்பான். தூக்கக் கலக்கத்துல அவரும் சொல்லிருவாரு. ஒரு கமிஷன் மண்டியில பாஸ்வேர்டு, கால்குலேட்டர் முதுகுல வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி அதுல பேனாவால எழுதியிருந்தது. அப்ப ரோல் எங்க இருக்கு, லாக் எங்க இருக்கு?

வேலைக்கு ஒத்துவராத கெடுபிடிதான் பாஸ்வேர்டைப் பொதுவாக்குது. அன்னைக்குள்ள பில்லைத் திருத்த விடுங்க. நேத்தையதைத் தொடாம நாள் கட்டுப்பாட்டை வைங்க. பில்லை அழிக்கிற உரிமையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீங்க. இன்னைக்குத் திருத்தினது அவன் பேர்லயே லாகுல நிக்கும். அது போதும்.

குழித்துறை_ஆடிட்:
எடிட் லாக் எல்லாக் கடைக்கும் சட்டப்படி கட்டாயம்னு ஒரு பேச்சு ஓடுது. அப்படி இல்லை. 2023 ஏப்ரல் 1-ல இருந்து தணிக்கைத் தடம் (எடிட் லாக் மாதிரி, மாத்தினதையெல்லாம் பதியுற வசதி) கட்டாயம்னு வந்தது கம்பெனிச் சட்டத்துல பதிவான நிறுவனங்களுக்கு. தனி உரிமையாளர் கடை, கூட்டு வியாபாரம் அதுல வராது. ஆனா கம்பெனின்னா டேலியில அணைக்க முடியாத எடிட் லாக் பதிப்பைப் போடுறதுதான் பத்திரம். சாதா பதிப்புல அதை ஆன்-ஆஃப் பண்ணலாம். வருஷ நடுவுல அணைச்சிருந்தா ஆடிட்டர் அறிக்கையில எழுதியே ஆகணும்.

மார்த்தாண்டத்துக்கு: அந்த பில்லை இன்னொரு தடவை திருத்தி ஒளிக்காதீங்க. உண்மையான எடை 1,240 தான்னா ஏழாவது பதிப்பா, கணக்கர் பேர்லயே, காரணத்தை நரேஷன்ல (பில்லோட கீழே குறிப்பு எழுதுற இடம்) எழுதி மாத்துங்க. இல்லை, நிஜமாவே 1,420 போயிருக்குன்னா டெபிட் நோட் (விட்டுப்போன தொகையைச் சேர்க்கிற சீட்டு) போட்டு ரிட்டர்ன்ல காட்டணும். எடை மேடைச் சீட்டு இருக்கான்னு முதல்ல தேடுங்க.

களியக்காவிளை_லோடு:
ஈ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஆன்லைன்ல எடுக்கிற ஜிஎஸ்டி சீட்டு) பக்கமும் இதே கதைதான். வண்டி வழியில பழுதாகி வேற வண்டியில சரக்கை மாத்தியாச்சு, அந்தச் சீட்டோட வண்டி விவரப் பகுதியான பார்ட்-பி-யில புது வண்டி நம்பர் போடணும். ராத்திரி 11 மணி, ஓடிபி முதலாளி போனுக்குப் போகுது, அது சுவிட்ச் ஆஃப். டிரைவர் இஞ்சின் அணைச்சு ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சிட்டாரு.

போர்டல்ல யூசர் மேனேஜ்மென்ட்டுக்குள்ள சப்-யூசர் உண்டு. லோடு ஏத்துறவருக்கு அவர் மொபைல் நம்பரோட ஒண்ணு உருவாக்குங்க. ஓடிபி அவருக்கே வரும். என்னென்ன செய்யலாம்னு டிக் பண்ற இடத்துல தேவையானது மட்டும். ஆள் வேலையை விட்டுப் போற அன்னைக்கே ஃப்ரீஸ் பண்ணிருங்க.

நாகர்கோவில்_டு_டெக்னோபார்க்:
பெரிய நிறுவனத்துல எஸ்ஏபி (பெரிய கம்பெனிகளோட நிர்வாக சாஃப்ட்வேர்) ஓடுற இடத்திலும் தோவாளைக்காரர் சொன்ன நோய்தான். மாசக் கடைசியில "அனுமதி இல்லை"ன்னு ஒருத்தர் கத்தினா, அவசரத்துக்கு எஸ்ஏபி-ஆல் (எல்லா உரிமையும் சேர்ந்தது) கொடுத்துட்டு எடுக்க மறந்திருப்பாங்க. அதைக் கொடுக்காதீங்க. பிழை வந்த உடனே, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி, அவங்களையே எஸ்யூ53-ங்கிற கட்டளையை அடிச்சு, வர்ற திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எந்த ஆப்ஜெக்ட் (உரிமை எதுக்குன்னு சொல்ற பெயர்), எந்தச் செயல் எண் தடுக்குதுன்னு அதுல நிக்கும்: 01 உருவாக்க, 02 மாத்த, 03 பாக்க. 03 போதும்ங்கிற இடத்துல 02 கொடுக்காதீங்க. ரோலை அமைக்கிற திரையான பிஎஃப்சிஜி-யில அதைத் திருத்தினா புரொஃபைலை (ரோலோட உரிமைத் தொகுப்பு) ஜெனரேட் பண்ணணும், அது ஆளுக்குப் போய்ச் சேர யூசர் கம்பாரிசன் ஓட்டணும், அந்த ஆள் வெளியே போய்த் திரும்ப உள்ள வரணும். இதுல ஒண்ணு விட்டாலும் "இன்னும் வரலை"ன்னு திரும்பக் கூப்பிடுவாங்க. தற்காலிக ரோலுக்கு முடிவுத் தேதியை அப்பவே போட்டுருங்க. சப்ளையர் பேங்க் கணக்கை மாத்துற உரிமையும் பணம் அனுப்புற உரிமையும் ஒரே ஆள்கிட்ட சேரவே கூடாது.

மார்த்தாண்டம்_ஷீட்:
எடை மேடைச் சீட்டு கிடைச்சிட்டு. 1,240 தான். மூணு பேருக்கும் தனி லாகின் போட்டாச்சு, வால்ட்டும் போட்டாச்சு.

தக்கலை_டேலி:
வால்ட் போட்டா புதுசா ஒரு கம்பெனிதான் பூட்டோட உருவாகும், பூட்டில்லாத பழையது அந்த ஃபோல்டர்லயே கிடக்கும். பேக்கப்பைத் திறந்து சரிபாத்துட்டு அதை அழிச்சீங்களா?