கலப்படச் செய்தியும் ‘சதி’ ஃபார்வர்டும்: தொழில் தெரிந்தவர்களின் அனுபவப் பகிர்வு

தஞ்சாவூரான்

ஒரு வாரமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டே விஷயம்தான் ஓடுகிறது. ஒன்று, கலப்பட ரெய்டு செய்தி. இன்னொன்று, “சாப்பாட்டில் விஷம் கலந்து மக்களை ஒழிக்கத் தீவிரவாதிகள் சதி” என்று தேதி, ஊர் எதுவும் இல்லாத வீடியோ. எதற்குப் பயப்படுவது, எதைத் தள்ளிவிடுவது என்றே தெரியவில்லை. பால், மசாலா, ஆய்வகம் என்று இந்தத் துறையில் இருக்கிறவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். வீட்டில் எந்தச் சோதனை எடுபடும், எது எடுபடாது என்பதையும் எழுதினால் புண்ணியம்.

ஆய்வக மேசை

தீவிரவாதிகள் உணவில் கைவைத்தது நடக்காத விஷயம் அல்ல. 1978இல் நெதர்லாந்தில் இஸ்ரேலிய ஆரஞ்சுப் பழங்களில் பாதரசம் ஏற்றியிருந்தார்கள். சிலர் நோய்வாய்ப்பட்டார்கள். பழத்தைவிட ஏற்றுமதிக்குத்தான் அடி பலம். 1984இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்ற சிற்றூரில், ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்தவர்கள் உணவகங்களின் சாலட் மேசைகளில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். உள்ளூர்த் தேர்தல் நாளில் வாக்காளர்கள் படுத்துக் கிடக்கவேண்டும் என்பது திட்டம். 751 பேருக்கு நோய் வந்தது, யாரும் சாகவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, முதல் விசாரணை சமையல்காரர்களின் கைச்சுத்தத்தைத்தான் குறை சொன்னது. அடுத்த ஆண்டு ஆசிரமத்துக்குள்ளேயே சண்டை வந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

இப்போது அடுத்த பட்டியலைப் பாருங்கள். 1981, ஸ்பெயின்: தொழிற்சாலைக்கென்று அனிலின் என்ற ரசாயனம் கலந்து இறக்குமதியான கடுகின எண்ணெயைச் சுத்திகரித்துச் சமையல் எண்ணெயாக விற்றார்கள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 300க்கு மேல் சாவு. 1998, டெல்லி: கடுகெண்ணெயில் பிரமதண்டு என்ற நச்சுச் செடியின் விதை எண்ணெய். 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2008, சீனா: குழந்தைப் பால்மாவில் மெலமின் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனம். சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குப் பாதிப்பு, 6 குழந்தைகள் பலி. இது எதிலும் தீவிரவாதி கிடையாது. எல்லாம் கிலோவுக்கு இத்தனை லாபம் என்ற கணக்குதான்.

கலப்படக்காரனுக்கு யாரும் சாகவேண்டாம், யாரும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். அதனால் எந்தச் சோதனை நடக்கிறதோ அதைத் தெரிந்துகொண்டு, அதில் தேறும்படி கலப்பான். மெலமின் கதை இதற்குச் சரியான பாடம். புரதத்தை நேராக அளக்காமல் மொத்த நைட்ரஜனை அளந்து, பாலுக்கு 6.38ஆல் பெருக்குவது ஜெல்டால் முறை. மெலமினில் எடைக்கு 66 சதவீதம் நைட்ரஜன். ஆக 1 கிராம் மெலமின் போட்டால் 4 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதாகக் கணக்கு ஏறும். பாலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம், ஆய்வக அறிக்கை ‘சரி’ என்றே வரும். கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தப்பு.

அதனால் எந்தச் செய்தி வந்தாலும் இரண்டு கேள்வி போதும். கலக்கும் பொருள் உண்மைப் பொருளைவிட மலிவா? வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குகிறாரோ (நிறம், அடர்த்தி, பளபளப்பு) அதை அது கூட்டிக் காட்டுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அந்தச் செய்தியில் விஷயம் இருக்கலாம்.

பால் சொசைட்டி

மேலே சார் சொன்னதைப் பாலில் தினமும் பார்க்கலாம். வீட்டில் பாலின் அடர்த்தியைக் காட்டும் லேக்டோமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் கொஞ்சம் கேளுங்கள். தண்ணீர் ஊற்றினால் ரீடிங் இறங்கும், சரி. கொழுப்பை எடுத்தால் ரீடிங் ஏறும். அளவு தெரிந்தவன் இரண்டையும் செய்துவிட்டால் ரீடிங் நல்ல பாலின் இடத்திலேயே நிற்கும். சர்க்கரை, உப்பு, யூரியா எது போட்டாலும் அடர்த்தி ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் கூடுதலாகக் காட்டும். கருவி எத்தனை டிகிரி வெப்பத்துக்கு அளவிட்டது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் அளக்கவேண்டும். கொழுப்பு அளவும் சேர்த்துப் பார்க்காத லேக்டோமீட்டர் ரீடிங் பாதிச் செய்திதான்.

யூரியா சோதனை வீட்டில் செய்யலாம். ஒரு டீஸ்பூன் பால், அரை டீஸ்பூன் சோயா மாவு அல்லது துவரம்பருப்பு மாவு. நன்றாகக் குலுக்கி 5 நிமிடம் வையுங்கள். சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் முக்குங்கள். நீலமானால் யூரியா சந்தேகம். இதில் தவறு நடக்கிற இடம் மூன்று:

மாவு பச்சையாக இருக்கவேண்டும். வறுத்த பருப்பை அரைத்தால் உள்ளே இருக்கும் யூரியேஸ் நொதி செத்துப்போய், எவ்வளவு யூரியா இருந்தாலும் நிறம் மாறாது. கடைச் சோயா மாவு பல நேரம் வறுத்ததுதான், அதனால் பருப்பை வீட்டிலேயே அரைப்பது நல்லது.

மாவு போடுவதற்கு முன் வெறும் பாலில் ஒரு லிட்மஸ் முக்கிப் பாருங்கள். அப்போதே நீலமானால் அது யூரியா இல்லை. புளிப்பை மறைக்கச் சோடா போட்டிருக்கிறார்கள்.

பாலில் இயற்கையாகவே கொஞ்சம் யூரியா உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 700 மில்லிகிராம். லேசாக நிறம் மங்கியதற்கெல்லாம் பால்காரரைப் பிடித்து உலுக்கக் கூடாது.

மாவுச்சத்துக்கு அயோடின்: பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, 2 சொட்டு டிங்சர். நீலம் வந்தால் மாவு. சூடாக இருக்கும்போது விட்டால் நீலம் வராது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

டேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றும் இடத்தில் சீல் எண்ணைச் சலானில் எழுதி, இறக்கும் இடத்தில் ஒத்துப் பார்ப்பது. பாலைத் திருடித் தண்ணீர் ஊற்றுபவனுக்கும் அதே சீல்தான், நீங்கள் பயப்படும் சதிகாரனுக்கும் அதே சீல்தான்.

மஞ்சள் மண்டி, ஈரோடு

“கடைப் பொடி வேண்டாம், விரலி மஞ்சள் வாங்கி அரைத்துவிடு” என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி சரி. லெட் குரோமேட் என்ற, ஈயம் உள்ள மஞ்சள் நிறமி, பொடியில் மட்டும் கலப்பதில்லை. விரலியை டிரம்மில் போட்டுப் பாலிஷ் போடும்போதே மேலே பூசப்படும். பங்களாதேஷில் நடந்தது இதுதான். வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்கத் தொடங்கிய வழக்கம், பிறகு நல்ல மஞ்சளுக்கும் ஒட்டிக்கொண்டது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. மொத்தச் சந்தையில் எக்ஸ்ரே கதிரால் ஈயத்தைக் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியோடு போய் அங்கேயே சோதித்து, வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு, செய்தியைப் பரப்பினார்கள். 2021இல் அது 0 ஆனது. பயமுறுத்தும் வீடியோ ஒன்றும் இதைச் சாதிக்கவில்லை.

வாங்கும்போது விரலியை உடைத்துப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு மஞ்சள், வெளியே எலுமிச்சை மஞ்சளாகப் பளீரென்று இருந்தால் விலகிவிடுங்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தூள் தூளாக ஒட்டக் கூடாது. அரைப்பதற்கு முன் கழுவி, நிழலில் நன்கு உலர்த்துங்கள். ஆனால் இதெல்லாம் சந்தேகத்துக்குத்தான், ஈயம் எவ்வளவு என்று ஆய்வகம்தான் சொல்லும்.

மெட்டானில் யெல்லோ சாயத்துக்கு அமிலச் சோதனை உண்டு. அதில் ஒரு குழி: அடர்த்தியான அமிலம் பட்டால் சுத்தமான மஞ்சளே சிவக்கும், அது மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினின் குணம். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யவேண்டும். சிவப்பு மறைந்தால் மஞ்சள். ரோஸ் நிறம் அப்படியே நின்றால் சாயம். முதல் சிவப்பைப் பார்த்ததும் வீடியோவை நிறுத்திவிட்டு “கலப்படம்!” என்று கத்துகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அமிலப் பக்கமே போகவேண்டாம்.

மிளகாய்த்தூள் பற்றி ஒரு வரி. தண்ணீரில் தூவும் சோதனை செங்கல் தூளையும் தண்ணீரில் கரையும் சாயத்தையும் காட்டும். சூடான் சாயம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீர்ச் சோதனையில் ஜம்மென்று தேறிவிடும். 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தது இந்தச் சூடான்தான்.

ரேஷன் அரிசி

‘பிளாஸ்டிக் அரிசி’யை ஆய்வக நண்பரின் இரண்டு கேள்வியில் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் குருணை அரிசியைவிட விலை கூடுதல். முதல் கேள்வியிலேயே விழுந்துவிட்டது. ரேஷன் பையில் பிளாஸ்டிக் என்று மக்கள் நினைத்தது செறிவூட்டிய அரிசி மணி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அச்சில் தள்ளி வெட்டியது. 100 மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருக்கும். நிறம் கொஞ்சம் வேறு, கழுவும்போது மிதக்கும். அதைப் பொறுக்கி எறிந்தால் சத்துதான் போகும். ஐந்தாறு தண்ணீர் கழுவுவதையும் குறையுங்கள்.

வரப்போரம்

2025 கோடையில் தர்பூசணிக்கு ஊசியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஓடியதே, அந்த ஒரு வீடியோ விவசாயிகளுக்குச் செய்ததை யாரும் மறக்கவில்லை. வெட்டும் நேரத்தில் பழம் வயலிலேயே அழுகியது. ஊசி குத்தினால் அந்த இடத்தில் பழம் கெடத் தொடங்கும், சாயம் குத்திய தடத்தோடு நிற்கும், முழுப் பழத்துக்கும் சீராகப் பரவாது. டிஷ்யூ தாளில் துடைத்தால் லேசான ரோஸ் வரத்தான் செய்யும், அது பழச்சாறு. மொத்த விலையில் ஒரு பழம் என்ன பெறும், ஒவ்வொன்றாக ஊசி போட ஆள் கூலி என்ன என்று கணக்குப் போட்டிருந்தால் அந்த வீடியோ பரவியே இருக்காது. அதை அனுப்பியவர்கள் மறுப்பை அனுப்பினார்களா?

தஞ்சாவூரான்

நியாயம்தான். ஆனால் பஞ்சுமிட்டாயில் சாயம் என்ற செய்தி பொய்யில்லையே?

ஆய்வக மேசை

பொய்யில்லை. ரோடமின் பி துணிச்சாயம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை போட்டது ஆய்வக முடிவைப் பார்த்துத்தான். மலிவு, சிட்டிகை போதும், நிறம் பளீர். இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’. கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் இதன் கரைசல் ஆரஞ்சாக ஒளிரும். ஆனால் அனுமதித்த சாயங்களில் சிலவும் ஒளிரும் என்பதால் அதை வைத்து யார் மேலும் பழி போட முடியாது.

செக்‌ஷன் 40

சந்தேகம் வந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, பொதுமக்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே “இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இது கட்டாயம். 14 நாளில் அறிக்கை வரவேண்டும். பொருள் தரமில்லை என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்காகப் பிரித்துச் சீல் வைப்பார். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், நான்காவது, கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. அறிக்கை தப்பு என்று கடைக்காரர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு தோற்பது பெரும்பாலும் சீல், கையெழுத்து, பிரிக்கும் முறை இவற்றில் ஓட்டை விழுவதால்தான். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு, அபராதம் குறைந்தது 10 லட்சம். சதி என்று நிரூபிக்கவேண்டிய அவசியமே இல்லை.

சாப்பிட்டு உடம்புக்கு வந்தால் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். லேபிள், பேட்ச் எண், பில் மூன்றையும் படம் பிடியுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வாந்தி எத்தனை மணிக்கு என்று குறித்து டாக்டரிடமும் சொல்லுங்கள். பலரும் ஒரே இடத்தில் சாப்பிட்டது அப்போதுதான் சுகாதாரத் துறைக்குத் தெரியவரும். பிரித்த பாக்கெட் வழக்குக்கு மாதிரியாக நிற்காது. ஆனால் பேட்ச் எண் கையில் இருந்தால், பிரிக்காத அதே பேட்சைக் கடையிலிருந்து அலுவலர் எடுத்துக்கொள்வார்.