ஆசரிப்புக் கூடாரத்துக்கு அட்டை எழுதின வாரம்: எங்க குடும்பக் குழுவிலிருந்து

(ஆசரிப்புக் கூடாரம்னா மோசே காலத்துல இஸ்ரவேலர் வனாந்தரத்துல அமைச்ச ஆராதனைக் கூடாரம்.)

வியாழன்

நான், இரவு 7:42
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் பள்ளி கண்காட்சிக்கு ஆசரிப்புக் கூடாரம் மாடல் முடிஞ்சிருச்சு. தெர்மாகோலும் தங்கத் தாளும்தான். உடன்படிக்கைப் பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், தொட்டி, பலிபீடம் ஆறும் ரெடி. ஒவ்வொண்ணு முன்னாலயும் "இது கிறிஸ்துவில் எதைக் குறிக்கிறது"ன்னு ஒரு அட்டை வைக்கணும். எழுதினதை அனுப்புறேன், பெரியப்பா பார்த்துச் சொல்லுங்க.

நான், இரவு 7:44
சீத்தீம் மரம் (வேலமரம்): இயேசுவின் மனுஷீகம்
பொன்: அவருடைய தேவத்துவம்
இளநீலம்: பரலோகம்
இரத்தாம்பரம் (ஊதா நூல்): ராஜரீகம்
சிவப்பு: சிலுவை இரத்தம்
மெல்லிய பஞ்சுநூல்: பரிசுத்தம்
குத்துவிளக்கு: இயேசு உலகத்தின் ஒளி
சமுகத்தப்பம் (கர்த்தர் சந்நிதியில வைக்கிற அப்பம்): இயேசு ஜீவ அப்பம்

அத்தை, இரவு 7:58
ரொம்ப அழகா இருக்கும்மா. எங்களுக்கு டீச்சர் ஃபிளானல் துணியில படத்தை ஒட்டி ஒட்டிக் காட்டுவாங்க. இந்த நிறமெல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம்.

பெரியப்பா, இரவு 8:31
நல்லா செஞ்சிருக்கே ஜெபா. ஆனா அட்டையை ஒட்டுறதுக்கு முன்னால ஒரு வேலை செய். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல, இதை வேதமே சொல்லுதா, இல்ல பிரசங்கத்துல கேட்டதான்னு பென்சில்ல குறி.

நான், இரவு 8:47
பார்த்தேன் பெரியப்பா. நாலு நிறத்துக்கும் வசனம் கிடைக்கல. யாத்திராகமம் 25லிருந்து 40 வரைக்கும் திருப்பிட்டேன். என்ன நிற நூல், எத்தனை முழம்னு இருக்கு, அர்த்தம் எங்கயும் இல்ல.

அத்தை, இரவு 8:52
அப்போ நாம கேட்டு வளர்ந்ததெல்லாம் தப்பா அண்ணே?

பெரியப்பா, இரவு 9:20
தப்புன்னு சொல்லலம்மா. தியானிச்சவங்க ஜெபத்தோட கண்ட அர்த்தம் அது, அதை நான் மதிக்கிறேன். ஆனா முதல் நூற்றாண்டுல வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் ஆசாரிய வம்சத்துக்காரர், எருசலேம் ஆலயத்தைக் கண்ணால பார்த்தவர். அதே நாலு நூலுக்கு அவர் வேற சொல்றார். பஞ்சுநூல் மண், ஏன்னா அந்த நூலைத் தர்ற சணல் மண்ணுல விளையுது. இரத்தாம்பரம் கடல், ஏன்னா அந்தச் சாயம் கடல் நத்தையில கிடைக்குது. நீலம் ஆகாயம், சிவப்பு நெருப்பு. விளக்கின் ஏழு அகலும் ஏழு கோள்கள், பன்னிரண்டு அப்பமும் பன்னிரண்டு மாசம். அவருக்குக் கூடாரம் முழு உலகத்தோட படம்.

மரம்–பொன் விஷயத்துக்குக் கொஞ்சம் வேர் இருக்கு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து சீத்தீம் மரத்தை "அழுகாத மரம்"னு எழுதிருச்சு. சபைப் பிதாக்கள் அதைப் படிச்சுட்டு, அழிவைக் காணாத கர்த்தருடைய சரீரத்தை நினைச்சாங்க. ஆனாலும் அது அவங்க தியானம்தான்.

இதுல எபிரெயர் நிருபத்தை எழுதினவர்கிட்ட நாம கத்துக்கணும். 9ஆம் அதிகாரத்துல பெட்டி, மன்னா பாத்திரம், ஆரோனின் தளிர்த்த கோல், பெட்டி மேல இருந்த சிறகுள்ள கேருபீன்கள் எல்லாத்தையும் வரிசையாச் சொல்லிட்டு, இதையெல்லாம் விவரமாப் பேச இப்ப நேரமில்லைன்னு நிறுத்திடுறார். அவரே நிறுத்தின இடத்துல நாம அட்டை ஒட்டுறோம்னா கொஞ்சம் பயம் வேணும்.

நான், இரவு 9:26
அப்போ எதை எழுதலாம்?

பெரியப்பா, இரவு 9:41
புதிய ஏற்பாடே வாய்விட்டுச் சொன்னதை முதல்ல எழுது. திரைச்சீலையை எடு. எபிரெயர் 10:20 அதை அவருடைய மாம்சம்னே சொல்லுது. சிலுவையில அவர் ஜீவனை விட்டப்போ ஆலயத்துத் திரை மேலிருந்து கீழ்வரைக்கும் கிழிஞ்சதுன்னு மத்தேயு எழுதியிருக்கார். வருஷத்துல ஒரே நாள், பிரதான ஆசாரியன்ங்கிற ஒரே மனுஷன் கடந்துபோன திரை அது.

தூபம் பரிசுத்தவான்களுடைய ஜெபம். சங்கீதம் 141லயும் வெளிப்படுத்தல் 5, 8லயும் இருக்கு. ஆசாரியன் சகரியா ஆலயத்துக்குள்ள தூபங்காட்டுறப்போ ஜனங்கள் வெளிய நின்னு ஜெபம்பண்ணிட்டு இருந்தாங்கன்னு லூக்கா 1:10ல பார்.

குத்துவிளக்குக்கு நீ எழுதினது பாதிதான். வெளிப்படுத்தல் 1:20 படி.

நான், இரவு 9:50
"ஏழு குத்துவிளக்குகளும் ஏழு சபைகளாம்"! அப்போ விளக்கு அவரில்ல, நாமளா?

பெரியப்பா, இரவு 9:58
ஆமா. யோவான் 8:12ல நானே ஒளின்னு அவர் சொன்னது சத்தியம்தான். ஆனா பத்மு தீவுல யோவான் கண்டது விளக்குகளுக்கு நடுவுல நிக்கிற அவரை. அடுத்த அதிகாரத்துல அவங்க நடுவே உலாவுறார், மனந்திரும்பலைன்னா விளக்குத்தண்டை அதனிடத்திலிருந்து நீக்குவேன்னு எபேசு சபைக்கு எச்சரிக்கையும் கொடுக்கிறார். பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக்கொடு. ஒரு தாலந்துப் பசும்பொன், 30 கிலோவுக்கு மேல. அச்சுல வார்க்காம அடிச்சு அடிச்சுச் செய்த வேலை. எண்ணெயும் இடித்துப் பிழிஞ்ச ஒலிவ எண்ணெய். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நம்ம சபையை நினைச்சு மனசு கனக்கும்.

வெள்ளி

ரீட்டா மைனி, காலை 6:15
மாமா, நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க வீட்டுல தினமும் மாதா பிரார்த்தனை சொல்லுவோம். அதுல "வாக்குத்தத்தத்தின் பெட்டகமே"ன்னு ஒரு வரி வரும். சின்ன வயசுல அர்த்தம் தெரியாமச் சொன்னது. எங்க பங்குச் சாமியார் ஒரு தடவை லூக்கா 1ஐயும் 2 சாமுவேல் 6ஐயும் பக்கத்துல வச்சு விளக்கினாரு. பெட்டி யூதேயா மலைநாட்டுல ஓபேத்ஏதோம் வீட்டுல மூணு மாசம் இருந்துது. மரியாளும் எலிசபெத்து வீட்டுல மூணு மாசம் போல இருந்தாங்க. "கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் வருவது எப்படி"ன்னு தாவீது. "என் ஆண்டவருடைய தாயார் என்னிடத்தில் வந்தது எதினால்"னு எலிசபெத்து. தாவீது பெட்டி முன்னால குதிச்சு ஆடினான், அங்க வயித்துப் பிள்ளை துள்ளுச்சு.

அத்தை, காலை 6:40
இதை நான் கேட்டதே இல்லை ரீட்டா.

பெரியப்பா, காலை 7:05
நல்லாச் சொன்னே மக்களே. நாங்க அந்தப் பிரார்த்தனையைச் சொல்றதில்ல. ஆனா லூக்கா அந்த ரெண்டு காட்சியையும் மனசுல வச்சுத்தான் எழுதியிருக்கார்னு எனக்கும் தோணுது. கல்லுல எழுதின வார்த்தையைச் சுமந்தது பெட்டி, மாம்சமான வார்த்தையைச் சுமந்தது அந்தத் தாய். பெட்டியோட மூடியை நாங்க கிருபாசனம்னு சொல்றோம், உங்க திருவிவிலியத்துல அதுக்கு என்ன சொல் போட்டிருக்கு?

ரீட்டா மைனி, காலை 7:11
இரக்கத்தின் இருக்கை, மாமா.

பெரியப்பா, காலை 8:02
அருமையான சொல். ஜெபா, எல்லா அட்டையையும் விட இந்த அட்டைதான் பெரிசா இருக்கணும்.

பெட்டிக்கு மேல ரெண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலத்துல பசும்பொன் மூடி. எபிரெயத்துல கப்போரேத். பாவநிவிர்த்திக்கான சொல்லும் அதே வேர்லதான் வருது. செப்துவஜிந்து அதை ஹிலாஸ்தேரியோன்னு எழுதுச்சு. எபிரெயர் 9:5லயும் அதே சொல்தான். இப்ப ரோமர் 3:25 எடு. தேவன் இயேசுவை ஏற்படுத்தினார்னு பவுல் சொல்ற இடத்துல கிரேக்கத்துல நிக்கிறதும் ஹிலாஸ்தேரியோன். நம்ம பழைய மொழிபெயர்ப்பு ஒரு இடத்துல கிருபாசனம்னும் இன்னொரு இடத்துல கிருபாதாரபலின்னும் போட்டதால நமக்குத் தெரியாமப் போச்சு. பவுலோட வாசகர்கள் அந்தப் பொன் மூடியை உடனே நினைச்சிருப்பாங்க.

மூடிக்குக் கீழ என்ன இருக்கு? கற்பலகை, ஜனங்கள் மீறின நியாயப்பிரமாணம். மேல கேருபீன்கள் குனிஞ்சு பார்க்குது. பாவநிவிர்த்தி நாள்ல ரெண்டுக்கும் நடுவுல இரத்தம் தெளிக்கப்படுது. நான் அம்பது வருஷமா இந்தப் பகுதியை வாசிக்கிறேன். இன்னும் நிதானமா வாசிக்க முடியல.

அத்தை, காலை 8:20
"கிருபாசனத்தண்டையிலே தைரியமாய்ச் சேரக்கடவோம்." அம்மா சாகுற அன்னைக்கு அப்பா வாசிச்ச வசனம் அண்ணே.

பெரியப்பா, காலை 8:22
ஆமாம்மா. ஞாபகம் இருக்கு.

சாம் அண்ணன், பகல் 1:15
இப்பதான் டூட்டி முடிஞ்சு சிக்னல் கிடைச்சது, எல்லாம் படிச்சேன். போன தடவை கப்பல் சிவிட்டாவெக்கியாவுல நின்னப்போ ரோம் போய் எடுத்த படம் அனுப்புறேன். தீத்துவின் வளைவு. கி.பி. 70ல எருசலேம் ஆலயத்தை அழிச்சுட்டு ரோமர்கள் தூக்கிட்டு வர்ற காட்சியைக் கல்லுல செதுக்கியிருக்காங்க. குத்துவிளக்கு, சமுகத்தப்ப மேஜை, எக்காளங்கள் தெளிவாத் தெரியுது. மோசே காலத்துது இல்ல, ரெண்டாம் ஆலயத்துது. பெட்டியைத் தேடினேன், இல்ல. அது எங்க போச்சு பெரியப்பா?

பெரியப்பா, பகல் 2:10
பாபிலோனியர் கொண்டுபோன பொருள்களைப் பட்டியல் போடுற 2 இராஜாக்கள் 25லயே பெட்டி இல்ல. ரெண்டாம் ஆலயத்துல மகா பரிசுத்த ஸ்தலம் காலியாத்தான் இருந்துது. கி.மு. 63ல ரோமத் தளபதி பாம்பே உள்ள நுழைஞ்சு பார்த்து ஒண்ணும் காணல. இப்ப வீடியோவுல அங்க கிடைச்சுது இங்க கிடைச்சுதுன்னு அனுப்புறாங்களே, அதையெல்லாம் தயவுசெஞ்சு இந்தக் குழுவுல போடாதீங்க. எரேமியா 3:16 போதும். பெட்டியை இனி நினைப்பதும் இல்ல, இனி செய்வதும் இல்லைன்னு அவர் அப்பவே சொல்லிட்டார்.

சனி

அத்தை, காலை 5:50
தொட்டிக்கு நான் எழுதுறேன் ஜெபா. யாத்திராகமம் 38:8. வாசல்ல கூடின ஸ்திரீகளுடைய தர்ப்பணங்களால அந்த வெண்கலத் தொட்டியைச் செய்தாங்க. தர்ப்பணம்னா முகம் பார்க்கிற கண்ணாடி. அந்தக் காலத்துல வெண்கலத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கி முகம் பார்ப்பாங்க. பொன் கொடுத்தவங்க இருக்காங்க, வெள்ளி கொடுத்தவங்க இருக்காங்க. இவங்க தங்கள் முகத்தைக் காட்டினதைக் கொடுத்தாங்க. ஆசாரியர்கள் கை கால் கழுவினது அதுலதான். பெட்டி, மேஜை, பீடங்களுக்கெல்லாம் முழ அளவு இருக்கு, தொட்டிக்கு அளவே கொடுக்கல. தண்ணியினால கழுவுறதுன்னு எபேசியர் 5:26ஐ எழுது. அந்தப் பெண்களைப் பத்தியும் ஒரு வரி வை. அவங்களை யாரும் பிரசங்கத்துல சொல்றதில்ல.

நான், காலை 9:30
எழுதிட்டேன் அத்தை. இன்னொண்ணு. நேத்து ராத்திரி 38ஆம் அதிகாரம் படிக்கும்போதுதான் நான் விட்டதைக் கண்டேன். பலகைகளுக்கும் திரைத் தூண்களுக்கும் கீழ 100 வெள்ளிப் பாதம், பாதத்துக்கு ஒரு தாலந்து. எண்ணப்பட்ட 6,03,550 பேர் ஆளுக்கு அரைச்சேக்கல் கொடுத்த வெள்ளி. ஐசுவரியவான் அதிகமாக் கொடுக்கக்கூடாது, தரித்திரன் குறைவாக் கொடுக்கக்கூடாது. அதுக்குப் பேரே பாவநிவிர்த்திப் பணம். கூடாரத்துப் பலகைகள் மணல் மேல நிக்கல, அந்தப் பணத்து மேல நிக்குது! ராத்திரி 1 மணி வரைக்கும் மாத்திரை அட்டை வெள்ளித்தாள்ல 100 பாதம் சுத்தினேன்.

பெரியப்பா, காலை 9:44
1 பேதுரு 1:18, 19 எழுதி அதுல ஒட்டு. "வெள்ளியும் பொன்னும்" அல்ல, கிறிஸ்துவின் இரத்தம். மீட்பின் விலை எதுன்னு வேதமே சொல்லுது.

ரீட்டா மைனி, மாலை 4:05
ஜெபா, நான் இன்னைக்கு யோவான் 20 வாசிச்சேன். மரிய மதலேனாள் கல்லறைக்குள்ள குனிஞ்சு பார்க்கிறா. இயேசுவின் உடல் வைக்கப்பட்டிருந்த இடத்துல ரெண்டு தூதர், தலைமாட்டுல ஒருத்தர், கால்மாட்டுல ஒருத்தர். நடுவுல காலி. எனக்கு உடனே உன் பெட்டி ஞாபகம் வந்துது, ரெண்டு ஓரத்துல ரெண்டு கேருபீன். அழுதுட்டேன்.

அத்தை, மாலை 4:12
அல்லேலூயா. எத்தனை ஈஸ்டர் ஆராதனையில இதைக் கேட்டிருப்பேன், இப்படிப் பார்க்கலையே.

பெரியப்பா, மாலை 4:30
பழைய வியாக்கியானக்காரர்களும் இதைக் கண்டிருக்காங்க ரீட்டா. யோவான் அர்த்தம் சொல்லாம, பார்த்ததை மட்டும் எழுதிட்டுப் போறார். இது நம்ம தியானம்னு தெரிஞ்சே வச்சுக்குவோம். ஆனா அந்த அட்டையையும் வை ஜெபா.

நான், இரவு 8:15
வச்சிட்டேன். நிறங்களுக்குத் தனி மேஜை, "நம் மூப்பர்கள் தியானித்தவை"ன்னு தலைப்பு. பெட்டிக்கு முன்னால ரோமர் 3:25 பெரிய எழுத்துல. அதுக்குக் கீழ சின்னதா யோவான் 20:12. கடைசிப் படம் அனுப்புறேன்.

சாம் அண்ணன், இரவு 8:21
பெட்டியைத் தூக்குற தண்டைக் கழட்டி வச்சிருக்கியே? யாத்திராகமம் 25:15ல அது பெட்டியை விட்டுக் கழலக்கூடாதுன்னு இருக்கு. ஜனங்க கிளம்புறப்போ பெட்டியும் கூடவே கிளம்பணும்ல.

பெரியப்பா, இரவு 8:24
கேருபீன்களையும் பார். உன்னோடது வாசலைப் பார்த்து நிக்குது. முகம் கிருபாசனத்தை நோக்கி இருக்கணும்.

நான், இரவு 8:26
தண்டைச் செருகிட்டேன். கேருபீன் பசை காஞ்சிருச்சு பெரியப்பா, பிளேடால எடுத்துத் திருப்பி ஒட்டுறேன்.