எட்டுப் பேர், ஒரு மணி நேரம்: மலைக் கொரில்லாவைக் காணக் குழுச்சுற்றுலா போவது சரியா?

நெடுவழி:
வழிகாட்டியுடன் கூடிய குழுச்சுற்றுலாவில் மனிதக் குரங்குகளைக் காட்டிலேயே சென்று பார்ப்பது அவற்றுக்குத் தீங்கு என்று வேறோர் இழையில் எழுதப்பட்டிருந்ததால் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். உகாண்டாவின் புவிண்டிக் காட்டில் மலைக் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில் அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் பார்க்க விடுவதில்லை. பார்க்கும் நேரமும் ஒரு மணிதான். விடியற்காலையிலேயே தடம் பார்ப்பவர்கள் முன்னே போய், முந்தைய இரவு அவை படுத்த கூடுகளிலிருந்து தொடங்கித் தேடுகிறார்கள். நாங்கள் கொடிகளையும் சுணைச்செடிகளையும் விலக்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் சரிவில் ஏறினோம். முதுகு வெளுத்த அந்தப் பெரிய ஆண் காட்டுச் செலரித் தண்டை ஒடித்து, நாரை உரித்து, உள்ளிருக்கும் சாற்றுத் தண்டை மட்டும் நிதானமாகக் கடித்துத் தின்றதைப் பார்த்தபோது, இதைக் காப்பதற்காக வாங்கும் பணம் எதுவும் அதிகமில்லை என்றே எனக்குத் தோன்றியது.

செங்காந்தள்:
நெடுவழி அவர்களே, தாங்கள் சொல்லும் விதிகள் தாளில் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. காட்டுக்குள் அவை என்ன ஆகின்றன என்பதுதான் என் கேள்வி. கொரில்லாவுக்கும் பயணிக்கும் இடையே குறைந்தது ஏழு மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி இருந்த காலத்தில், அதே புவிண்டியில் ஆய்வாளர்கள் உடன்சென்று அளந்து பார்த்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேற்பட்ட பயணங்களில் அந்த விதி மீறப்பட்டிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு அது பத்து மீட்டராகி, முகக்கவசமும் கட்டாயமாயிற்று. ஆனால் படம் எடுக்கும் கணத்தில் கவசம் தாடைக்கு இறங்குவதைப் பயணிகள் பகிரும் படங்களிலேயே பார்க்கிறோம். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாக வந்து போகும் கிருமி அவற்றைக் கொன்றுவிடும். 2009ஆம் ஆண்டு ருவாண்டாவில் பன்னிரண்டு கொரில்லாக்கள் கொண்ட ஹிர்வா குடும்பத்தில் பதினொன்றுக்குச் சுவாச நோய் வந்து, வளர்ந்த பெண் ஒன்றும் பிறந்த குட்டி ஒன்றும் இறந்தன. இறந்தவற்றின் உடலில் மனிதரிடம் காணப்படும் மெட்டாநிமோவைரஸ் இருந்தது. அந்தக் குட்டியின் சாவை எந்த வருமானக் கணக்கில் சேர்ப்பது?

நெடுவழி:
அந்தச் சாவு என்னையும் வருத்துகிறது. ஆனால் மறுபக்கத்துக் கணக்கையும் பாருங்கள். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லைகள் சேரும் விருங்கா மலைத்தொடரில் எஞ்சியிருந்தவை சுமார் 254. 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கேயே 604. புவிண்டியையும் சேர்த்தால் உலகில் ஆயிரத்துக்கு மேல். 2018இல் இந்த இனம் ஒழிந்துபோகும் பேராபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கப்பட்டது. மனிதக் குரங்குகளில் எண்ணிக்கை கூடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். விருங்காவில் நாற்பது ஆண்டுத் தரவை ஆராய்ந்தவர்கள், மனிதருக்குப் பழகிய கொரில்லாக் குடும்பங்கள் ஆண்டுக்கு 4.1 விழுக்காடு பெருகின, பழகாதவை 0.7 விழுக்காடு குறைந்தன என்று கண்டறிந்தார்கள். பழகிய குடும்பத்தை நாள்தோறும் ஆட்கள் பார்க்கிறார்கள். கண்ணியில் கை சிக்கினால் அன்றே தெரிந்து மருத்துவர் வருகிறார். அந்தச் சம்பளங்கள் எங்கிருந்து வருகின்றன? ருவாண்டா ஓர் அனுமதிச் சீட்டுக்கு 1,500 டாலர் வாங்குகிறது.

வேங்கைமரம்:
நான் கால்நடை மருத்துவம் படித்தவன்; இருவர் சொல்வதிலும் ஒரு திருத்தம் உண்டு. நோய் பயணிகளால் மட்டுமே வருகிறது என்று கொள்ளக் கூடாது. 2013இல் உகாண்டாவின் கிபாலேக் காட்டில் கன்யவாரா சிம்பன்ஸிக் கூட்டத்தில் ஐம்பத்தாறில் ஐந்து சுவாச நோயால் இறந்தன. இரண்டு வயதுக் குட்டியின் உடலைச் சோதித்தபோது, அதுவரை மனிதரிடம் மட்டுமே அறியப்பட்ட ரைனோவைரஸ் சி என்ற சளிக் கிருமி கிடைத்தது. அந்தக் கூட்டம் சுற்றுலாவுக்கானதன்று. ஆய்வாளர்கள் பின்தொடரும் கூட்டம். ஆகவே ஆபத்து பழக்கப்படுத்துவதிலேயே இருக்கிறது. ஓராண்டு, ஈராண்டு, சில வேளை அதற்கும் மேல் நாள்தோறும் அருகில் போய், மனிதனைக் கண்டால் ஓடும் அச்சத்தை நாம்தான் அவற்றிடமிருந்து போக்குகிறோம். 2020இல் தொற்றால் சுற்றுலா நின்றிருந்த மாதங்களில் புவிண்டியில் ரஃபீக்கி என்ற பழகிய ஆண் கொரில்லாவை ஒரு வேட்டைக்காரன் ஈட்டியால் கொன்றான். காவல் தளர்ந்ததால் நடந்தது என்பார்கள் சிலர், அச்சம் போனதால் நடந்தது என்பார்கள் சிலர். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதே என் எண்ணம்.

மலைத்தேன்:
கொரில்லாவை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சுமத்ராவின் புக்கித் லாவாங்கில், முன்பு கூண்டில் வளர்ந்து காட்டுக்குள் விடப்பட்ட உராங்குட்டான்களையும் அவற்றின் வழிவந்தவற்றையும் பழம் காட்டி இறக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். மரத்தை விட்டு அரிதாகவே இறங்கும் உயிரைப் பயணியின் கைப்பழத்துக்காகத் தரைக்கு வரவழைப்பது சுற்றுலாவே அன்று. எந்தக் குழுவோடு போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செங்காந்தள்:
இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. 1991இல் புவிண்டி தேசியப் பூங்காவாக ஆனபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த பட்வா மக்கள் உரிய இழப்பீடின்றி வெளியேற்றப்பட்டார்கள். உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல்தான் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்களை வெளியேற்றிய காட்டுக்குள் நாம் சீட்டு வாங்கிப் போய், திரும்பும் வழியில் அவர்கள் ஆடும் ஆட்டத்துக்குக் கைதட்டிவிட்டு வருகிறோம். அந்தக் கட்டணத்தில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று நெடுவழி அவர்களே, தாங்கள் கேட்டீர்களா?

நெடுவழி:
கேட்கவில்லை. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். கிராமங்களுக்குப் பங்கு உண்டு என்று வழிகாட்டி சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். பட்வா குடும்பங்களுக்கு அதில் என்ன சேர்ந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்கு முந்தின இரவே தொண்டை கட்டியிருந்தது. காலையில் உடல்நலம் பற்றிக் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. எங்களை அழைத்துச் சென்ற ஏற்பாட்டாளர் அறிந்தும் அறியாதவர்போல இருந்தார். மலையேறும்போது தொண்டை கட்டியிருந்தவர் கவசத்துக்குள் இருமலை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நானும் பேசவில்லை. இத்தனை பணமும் பயணமும் வீணாகுமே என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்ததால்தான் பேசவில்லை, அது தவறு.

எனவே என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். போகலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் காய்ச்சலோ இருமலோ இருப்பதாகச் சொல்பவருக்கு அனுமதிச் சீட்டின் தொகையைத் திருப்பித் தருவோம், அல்லது வேறு நாளில் அனுப்புவோம் என்று பணம் கட்டும் முன்பே எழுதித் தராத குழுவோடு போகக் கூடாது. உண்மை சொல்பவன் நட்டப்படும் ஏற்பாட்டில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

வேங்கைமரம்:
அத்துடன், புறப்படும் காலையில் உடல் வெப்பம் பார்ப்பவர் பயண ஏற்பாட்டாளரின் ஆளாக இல்லாமல் பூங்காவின் ஆளாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள்:
இந்த இரண்டு நிபந்தனைகளையும் நான் ஏற்கிறேன். பட்வா மக்களைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அடுத்து யார் போவதாக இருந்தாலும், அதை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை இந்த இழையில் இடும்படி வேண்டுகிறேன்.