சங்கத்தின் ஆய்விதழை வெளிநாட்டுப் பதிப்பகத்திடம் ஒப்படைக்கலாமா?

மண்வாசகி:

அனைவருக்கும் வணக்கம். மண்ணியல் ஆய்வாளர் சங்கம் ஒன்று நடத்தும் ஆய்விதழில் துணை ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு இதழ். ஆசிரியர் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வகுப்பு, ஆய்வகம், விடைத்தாள் எல்லாம் முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. உறுப்பினர் சந்தாவில்தான் இதுவரை வண்டி ஓடுகிறது.

இப்போது ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் இதழை எடுத்து நடத்த முன்வந்திருக்கிறது. இணையதளம், டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் நிலையான இணைய அடையாள எண்), ஆய்விதழ்ப் பட்டியல்களில் சேர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு இதழின் பெயர் உரிமை அவர்களுக்குப் போய்விடும். கட்டுரை எழுதுகிறவர்கள் பதிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். செயற்குழுவில் பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்களுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதுகலை மாணவர்களும் வேளாண் விரிவாக்க அலுவலர்களும்தான். உவர்நிலத்தில் எந்த நெல் ரகம் தாக்குப்பிடித்தது என்று எழுதுகிற ஒருவர் டாலரில் கட்டணம் கட்டுவாரா? கட்டத் தயாராக இருந்தாலும், அந்தக் கட்டுரையை வேறு எந்த இதழ் போடும்?

இன்னொன்று. ஓர் அறக்கட்டளை ஒருமுறை மட்டும் ஒரு சிறு தொகை தரச் சம்மதித்திருக்கிறது. வண்ண அச்சு, நல்ல அட்டை, கணினி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் போட்டால் இதழ் நிலைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மெய்ப்புத்தாள்:

வணக்கம். மருத்துவச் சங்கம் ஒன்றின் இதழுக்குப் பல ஆண்டுகள் நிர்வாக ஆசிரியராக இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெயர் உரிமையை மட்டும் எக்காரணம் கொண்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்து நீங்கள் வெளியே வர நினைக்கும் நாளில் பெயர் அவர்களிடம் இருக்கும். புதுப் பெயர், புது ஐஎஸ்எஸ்என் (இதழுக்கான அடையாள எண்), தொகுதி ஒன்று, இதழ் ஒன்று என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதுவரை சேர்ந்த மேற்கோள்கள் எல்லாம் பழைய பெயரோடு அங்கேயே நின்றுவிடும்.

பெரிய பதிப்பகத்தோடு சேர்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி 2007 முதல் தன் இதழ்களை ஸ்பிரிங்கருடன் சேர்ந்து வெளியிடுகிறது. ஆனால் கட்டுரைகளின் பிடிஎஃப் அகாதமியின் சொந்தத் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதுபோல ஓர் ஏற்பாட்டுக்கு உங்கள் பதிப்பகம் ஒத்துக்கொண்டால் பேசலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் சங்கமே நடத்தட்டும். நடத்த முடியும்.

அடுத்து பணம். அட்டையிலும் வண்ண அச்சிலும் போடவே போடாதீர்கள். ஒரு பகுதிநேர ஆளுக்குச் சம்பளமாகக் கொடுங்கள். சிறிய இதழ்கள் நின்றுபோவதற்குக் கட்டுரைப் பஞ்சத்தைவிட, ஆள் இல்லாமல் தேதி தவறுவதுதான் காரணம் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். ஜனவரி இதழ் ஆகஸ்டில் வரும். நல்ல கட்டுரை எழுதியவர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடுவார். அடுத்த இதழுக்குக் கட்டுரை குறையும், அது இன்னும் தாமதமாகும்.

அந்த ஆள் என்ன செய்வார் என்று செயற்குழு கேட்கும். அவர்களுக்கு ஒரே ஒரு கட்டுரையின் பாதையைக் காட்டுங்கள். கட்டுரை வந்ததும் பெற்றுக்கொண்டதாக அன்றே ஒரு வரி எழுத வேண்டும். மதிப்பாய்வாளர் இருவரைப் பிடிக்க ஏழெட்டுப் பேருக்கு எழுத வேண்டியிருக்கும். ஒத்துக்கொண்டவர் மூன்று வாரத்தில் பதில் தராவிட்டால், கோபப்படாமல் இன்னொரு மடல். திருத்திய பிரதி வந்தால், மதிப்பாய்வாளர் கேட்டதற்கு உண்மையில் பதில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அப்புறம் துணைநூற்பட்டியல். உள்ளே 2009 என்று இருக்கும், கடைசியில் 2011 என்று இருக்கும். ஒவ்வொன்றையும் தேடித் திறந்து சரிபார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர் ஒரு பேராசிரியராக, இரவு பதினோரு மணிக்குச் செய்கிறவராக இருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

ஆசிரியர் பெயர் தனிச் சங்கடம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். ஒரு கட்டுரையில் முதலெழுத்து கடைசிப் பெயராகிவிடும், அடுத்ததில் தந்தையின் முழுப் பெயர் போகும். தேடுபொறியில் ஒரே ஆய்வாளர் மூன்று பேராகத் தெரிவார். அவருடைய மேற்கோள்களும் மூன்றாகப் பிரிந்துவிடும். 2012 முதல் ஆர்க்கிட் எண், அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண், இலவசமாகக் கிடைக்கிறது. அது இல்லாமல் எந்தக் கட்டுரையையும் பதிவேற்றாதீர்கள்.

ஆப்பிரிக்க இதழ்களுக்கான ஏஜோல் தளமும், வளரும் நாடுகளின் ஆய்வுக்கு உதவும் இனாஸ்ப் அமைப்பும் 2017-இல் ஒரு தர அளவுகோல் கொண்டுவந்தன. ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை தருவார்கள். குறித்த காலத்தில் வருகிறதா, மதிப்பாய்வு முறை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, ஆசிரியர் குழு யார் என்று தெரிகிறதா, இப்படிப்பட்ட விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலை வைத்து உங்கள் இதழை நீங்களே ஒருமுறை பரிசோதியுங்கள். பணம் எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

---

நூலகர்:

மெய்ப்புத்தாள் ஐயா சொன்னதோடு தொழில்நுட்பப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். பதிப்பகம் செய்து தருவதாகச் சொல்வதில் பெரும்பகுதியை நீங்களே செய்துகொள்ளலாம்.

ஓஜேஎஸ் என்ற மென்பொருள் இலவசம், திறந்த மூலம். ஜான் வில்லின்ஸ்கி கனடாவில் தொடங்கிய பொது அறிவுத் திட்டத்திலிருந்து வந்தது. கட்டுரை பெறுவது, மதிப்பாய்வு, வெளியீடு எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் எடுத்துக்கொள்ளத் தேவையான குறிச்சொற்களையும் அதுவே பக்கத்தில் போட்டுவிடும். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சர்வர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதில் வைப்பதுதான் நல்லது.

டிஓஐ எண்ணுக்கு, அதைப் பதிவு செய்து தரும் கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். சிறு பதிப்பாளருக்குப் பல ஆண்டுகளாக ஆண்டுக் கட்டணம் 275 டாலர், புதிய கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் என்று இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து, பொருளாதாரத்தில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் உறுப்பினர்களுக்கு இரண்டையும் தள்ளுபடி செய்கிறார்கள். உங்கள் நாடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனத்தின் வழியாகச் சேரலாம். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் சேரக் கட்டணமே இல்லை. ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து ஆய்வுக் கட்டுரைகளாவது வெளியாக வேண்டும், உரிமம் பற்றித் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அச்சு இதழுக்கும் இணைய இதழுக்கும் தனித்தனி ஐஎஸ்எஸ்என் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். செயலாளராக இருந்த ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகி, அவர் ஓய்வு பெற்ற பின் புதுப்பிக்க ஆளில்லாமல் காலாவதியான இதழ்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகவரியை வேறு யாரோ வாங்கி, அதே பெயர், அதே ஐஎஸ்எஸ்என், அதே ஆசிரியர் குழுவைப் போட்டு, பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடுவார்கள். ஏமாறுகிறவர்கள் இளம் ஆய்வாளர்கள். கெடுவது உங்கள் பெயர்.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்தால் வெறும் படமாக விட்டுவிடாதீர்கள், படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி ஓட்டுங்கள். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரைகள் இருந்தால் அவற்றை மாற்றியாக வேண்டும். திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது.

---

மண்வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. இணைய முகவரி விஷயத்தை உடனே விசாரித்தேன். முன்னாள் பொருளாளர் பெயரில்தான் இருக்கிறது. மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

பெரிய கவலை இன்னொன்று. எங்கள் சங்க உறுப்பினர்களே நல்ல கட்டுரையை எங்களுக்குத் தருவதில்லை. பதவி உயர்வுக்கு ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்தான் கணக்கு. எங்களுக்கு வருவது மிச்சம் மீதி. இதற்கு என்ன செய்வது? பதிப்பகத்திடம் கொடுக்கலாம் என்று சொல்கிறவர்களின் பலமான வாதமே இதுதான்.

---

களஆய்வாளர்:

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, தள்ளிவிட முடியாது. பிள்ளைகுட்டி உள்ள உதவிப் பேராசிரியரிடம் 'பதவி உயர்வு வேண்டாம், நம் இதழுக்கு எழுது' என்று கேட்பது நியாயமில்லை. விதியை மாற்றுகிற இடத்தில்தான் பேச வேண்டும். இதழின் பெயரையோ அதன் தாக்க எண்ணையோ (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் கணக்கு) வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் கையொப்பமிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இட்டிருந்தால், பணியமர்த்தல் விதிகளில் அது எங்கே இருக்கிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

நல்ல ஆய்வு நம்மூர் இதழில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள் சொல்கிறேன். ராமன் 1926-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழைத் தொடங்கினார். 1928 மார்ச்சில் புதிய ஒளிச்சிதறல் பற்றிய தன் விரிவான உரையை அதில்தான் வெளியிட்டார். 1930-இல் நோபல் பரிசு. ஆனால் இதழில் போட்டுவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. கட்டுரையின் தனிப்படிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். நேச்சருக்கும் குறிப்புகள் எழுதினார்.

இரண்டாவது, சர்ப்பகந்தி. அந்த மூலிகை ரத்த அழுத்தத்தையும் மனநோயையும் தணிக்கிறது என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இலேயே இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட் இதழில் எழுதிவிட்டார்கள். மேற்கத்திய மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தது ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதிய பிறகுதான். இடையில் பதினெட்டு ஆண்டுகள். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை நோயாளிகளுக்கு அந்த மருந்து போய்ச் சேராமல் இருந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

இரண்டுமே இங்கிருந்து வந்த இதழ்கள்தான். ஒரு கட்டுரையை உலகத்தின் கண்ணில் பட வைக்க ஒருவர் மெனக்கெட்டார். இன்னொன்றுக்கு அந்த வசதி இல்லை. மேலே இருவரும் சொன்ன டிஓஐ, குறிச்சொல், ஆர்க்கிட் எல்லாம் இன்றைக்கு ராமன் சேர்த்த தபாலின் வேலையைச் செய்கின்றன. அது இல்லாமல் இதழ் நடத்தினால் எழுதியவருக்குத் துரோகம்.

பிரேசிலைப் பாருங்கள். 1997-இல் சாவோ பாவ்லோ மாநில ஆராய்ச்சி நிதியத்தின் ஆதரவோடு பத்து இதழ்களை வைத்து சியேலோ என்ற பொது இணைய இதழ்த் தளத்தைத் தொடங்கினார்கள். இன்று லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளும் தென்னாப்பிரிக்காவும் அதில் இருக்கின்றன. தங்கள் இதழ்கள் எவ்வளவு மேற்கோள் பெறுகின்றன என்பதை வெளிநாட்டுப் பட்டியல் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் தாங்களே கணக்கிட்டுக் காட்டினார்கள். அரசுப் பணம் இதழ்களுக்குள் வந்ததால்தான் இது நடந்தது. தனிச் சங்கம் ஒவ்வொன்றும் தன் உறுப்பினர் சந்தாவில் இதைச் செய்திருக்க முடியாது.

---

மெய்ப்புத்தாள்:

களஆய்வாளர் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. தனியாக நிற்காதீர்கள். இனாஸ்ப் 1998-இல் ஏஜோலைத் தொடங்கியது. அது பிறகு தென்னாப்பிரிக்காவில் தனி அமைப்பாகிவிட்டது. அதே வழியில் நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகியவற்றுக்கும் பொது இதழ்த் தளங்கள் வந்தன. நேபாளத் தளம் திரிபுவன் பல்கலைக்கழக மத்திய நூலகத்திடமும் இலங்கைத் தளம் தேசிய விஞ்ஞான மன்றத்திடமும் போய்ச் சேர்ந்தன. வெளியிலிருந்து வரும் உதவி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். தளத்தைக் கட்டினார்கள், ஆட்களைப் பழக்கினார்கள், சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். உங்கள் அறக்கட்டளையிடமும் அப்படியே கேளுங்கள். ஒருமுறை தருகிற தொகையை இரண்டாண்டுக்குப் பிரித்து, பகுதிநேர நிர்வாக ஆசிரியர் சம்பளமாகத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் நாட்டில் இப்படியொரு பொதுத் தளம் இருந்தால், நாளைக்கே விண்ணப்பம் போடுங்கள்.

பதிப்புக் கட்டணம் இல்லாமல் இதழ் நடக்காது என்று செயற்குழுவில் யாராவது சொன்னால், எழுதுகிறவரிடமும் வாசகரிடமும் பணம் வாங்காத இதழ்கள் உலகில் 17,000 முதல் 29,000 வரை இருக்கும் என்று 2021-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டதைச் சொல்லுங்கள். பெரும்பாலானவை உங்களுடையதைப் போன்ற சிறிய இதழ்கள்.

---

மண்வாசகி:

செயற்குழு அடுத்த வாரம் கூடுகிறது. பெயர் உரிமையும் இலவசப் பிரதியும் எங்களிடமே இருக்கும் என்று பதிப்பகம் எழுதித் தந்தால் மட்டுமே பேச்சு என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். நிதியைச் சம்பளத்துக்குக் கேட்டு அறக்கட்டளைக்கு மடல் எழுதிவிட்டேன். நூலகர் ஐயா, பழைய எழுத்துருவில் உள்ள இதழ்கள் நிறைய இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

---

நூலகர்:

கடைசி இதழிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஆனால் நீங்கள் சொன்ன அந்த உவர்நில நெல் கட்டுரைகள் எந்த ஆண்டில் இருந்தாலும் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். தேடி வருகிறவர்கள் அவற்றுக்குத்தான் இருப்பார்கள். எழுத்துரு மாற்றிய பின் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள். நானும் சில பக்கங்கள் எடுத்துக்கொள்கிறேன்.